ரீசைக்ளிங் பிளான்ட் ஏஜென்சி ஆளுங்க: ஆறு ஃபார்ம்ல ஒரே போன் நம்பர். நான் என்ன செய்யணும்?

குளிர்தேச_மதுரைக்காரி (2025 நவம்பர் 18, இரவு 11:40)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப்போறேன், பொறுத்துக்கங்க.

நான் இங்கிலாந்துல மிட்லண்ட்ஸ் பக்கம் குப்பை அள்ளி ரீசைக்ளிங் பண்ற ஒரு கம்பெனில ஹெச்.ஆர்.ல இருக்கேன், பேர் வேண்டாம். லாரி ஓட்டுறவங்க, ஆபீஸ்காரங்க எல்லாம் எங்க கம்பெனி ஆளுங்கதான். ஆனா பிளான்ட்ல ஓடுற பெல்ட் பக்கத்துல நின்னு கையால குப்பை பிரிக்கிறவங்கள்ல முக்கால்வாசி பேர் ஏஜென்சி அனுப்புற ஆளுங்க, நைட் ஷிஃப்ட்ல கிட்டத்தட்ட எல்லாருமே அப்படித்தான்.

கம்பெனிலயும் பொருள் வாங்கற இடங்கள்லயும் கொத்தடிமை வேலை நடக்காம இருக்க என்ன செஞ்சோம்னு வருஷா வருஷம் மாடர்ன் ஸ்லேவரி ஸ்டேட்மென்ட்னு ஒண்ணு வெப்சைட்ல போடணும்ல, அதை இந்த வருஷம் என்கிட்ட குடுத்தாங்க. போன வருஷத்து ஃபைலை அனுப்பி "தேதியை மட்டும் மாத்திடும்மா"ன்னு சொன்னார் மேனேஜர். அதுல எங்க வேலைகள்ல கொத்தடிமை முறைக்கான ஆபத்து குறைவுன்னு ஒரு வரி இருந்துச்சு. யாரு பாத்து, எப்படி பாத்து அப்படி எழுதினாங்கன்னு தெரியாம என் பேரை அதுல சேர்க்க மனசு வரல. சரி நாமளே பாப்போம்னு ஏஜென்சி ஆளுங்க முதல் நாள் நிரப்புற ஃபார்மை எல்லாம் எடுத்து உக்காந்தேன்.

அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்னு ஒரு கட்டம் இருக்கும்ல, அதுல ஆறு பேருக்கு ஒரே மொபைல் நம்பர். ஆறுலயும் எழுதின கையும் ஒண்ணுதான், 7-ஐ நடுவுல ஒரு குறுக்குக் கோடு போட்டு எழுதுற அதே கை. ஆறுல நாலு பேருக்கு வீட்டு அட்ரஸும் ஒண்ணு.

மறுநாள் ஏதோ காரணம் சொல்லிட்டு நைட் ஷிஃப்ட் பிரேக் டைம்ல கேன்டீனுக்குப் போனேன். அந்த ஆறு பேர்ல ஒருத்தர், அம்பது வயசு இருக்கும், சாப்பாடு எதுவும் இல்லாம வெந்நீர் கப்பை ரெண்டு கையாலயும் பிடிச்சுட்டு உக்காந்திருந்தார். சேஃப்டி பூட்ஸை லேசா கழட்டி வச்சிருந்தார், காலுக்கு சாக்ஸ் இல்ல, ரொட்டி பாக்கெட் கவரைச் சுத்தியிருந்தார். சாப்பிடலையான்னு கேட்டேன். அவர் வாயைத் திறக்கல, பக்கத்துல இருந்த இளவட்டம் ஒண்ணு "அவருக்குப் பசி இல்ல"ன்னு பதில் சொல்லிச்சு. ரெண்டு நாளா அந்த ரொட்டி கவர் கண்ணுக்குள்ளயே நிக்குது.

இப்ப நான் ஏஜென்சியக் கேக்கவா, இல்ல அவரையே தனியா கூப்பிட்டுப் பேசவா? ஒருவேளை நான்தான் அதிகமா யோசிக்கிறேனோ? நாமளும் படிக்க வந்தப்போ ஒரே வீட்ல எட்டு பேர் இருந்தவங்கதானே. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

---

லெஸ்டர்_திருச்சிக்காரன் (நவம்பர் 19, காலை 6:55)

சகோதரி, நீங்க அதிகமா யோசிக்கல. ரெண்டு வேலையையும் இப்ப செய்யாதீங்க, முதல்ல அதைச் சொல்லிடறேன். ஏஜென்சியக் கேக்காதீங்க, அவரைக் கூப்பிட்டும் விசாரிக்காதீங்க. நான் முன்னாடி ஆள் அனுப்புற ஏஜென்சிலயே வேலை பாத்தவன், இப்ப வேற கம்பெனில கம்ப்ளையன்ஸ் பக்கம் இருக்கேன், அந்த அனுபவத்துல சொல்றேன்.

ஏன்னா ஆபரேஷன் ஃபோர்ட்னு ஒரு கேஸ், உங்க ஊர்ப் பக்கம்தான் நடந்துச்சு. வெஸ்ட் மிட்லண்ட்ஸ் போலீஸ் பிடிச்சது, பிரிட்டன்ல இதுவரைக்கும் வெளிய வந்த கொத்தடிமை கேஸ்கள்லயே ரொம்பப் பெருசு. போலந்துல வீடு வாசல் இல்லாதவங்க, ஜெயில்ல இருந்து வெளிய வந்தவங்க, குடியில விழுந்தவங்கன்னு தேடிப் பிடிச்சு, நல்ல வேலை நல்ல சம்பளம்னு சொல்லி பஸ் ஏத்திக் கூட்டிட்டு வந்து வால்சால், ஸ்மெதிக், வெஸ்ட் பிராம்விச்னு எலி ஓடுற வீடுகள்ல அடைச்சு வச்சாங்க. 400 பேருக்கு மேல பாதிக்கப்பட்டிருப்பாங்கன்னு போலீஸ் கணக்கு. அவங்க பேர்ல பேங்க் அக்கவுண்ட் திறந்து கார்டைக் கும்பலே வச்சுக்கிச்சு. சம்பளம் முறையா அக்கவுண்ட்டுக்குப் போச்சு, ஆனா ஆள் கைக்கு வாரம் 20 பவுண்டு வந்தாலே பெருசு. 2019-ல எட்டு பேருக்குத் தண்டனை ஆச்சு. அந்த ஆளுங்க எங்கெல்லாம் வேலை பாத்தாங்க தெரியுமா? பண்ணைகள், வான்கோழி வெட்டுற ஃபேக்டரி, அப்புறம் ரீசைக்ளிங் சென்டர். அதாவது உங்களை மாதிரி கம்பெனிகள்லயே வேலை பாத்தாங்க, யாருக்கும் தெரியல.

இதுல நீங்க கவனிக்க வேண்டியது, அந்தக் கும்பல் ஆள் ஒருத்தர் ஏஜென்சிக்குள்ளயே வேலை பாத்திருக்காங்க. அதனாலதான் ஏஜென்சிக்கு ஒரு மெயில் கூட போடாதீங்கன்னு சொல்றேன். நீங்க நல்ல எண்ணத்துல "இந்த ஆறு பேர் நம்பர் ஏன் ஒண்ணா இருக்கு"ன்னு கேப்பீங்க, மறுநாள் அந்த ஆறு பேரும் ஷிஃப்ட்டுக்கு வரமாட்டாங்க, வேற ஊர்ல வேற பெல்ட்ல நிப்பாங்க. அப்புறம் உங்களால அந்த மனுஷரைத் தேடக்கூட முடியாது.

செய்ய வேண்டியது இதுதான். ஃபார்ம்களை காப்பி எடுத்து பத்திரமா வைங்க, நீங்க பாத்ததை தேதி நேரத்தோட எழுதி வைங்க, ரொட்டி கவரைக் கூட எழுதுங்க. மேனேஜருக்கு மேல யார் நம்பகமா இருக்காங்களோ, டைரக்டர் லெவல்ல, அவங்ககிட்ட நேர்ல சொல்லுங்க, மெயில் வேண்டாம். அப்புறம் தொழிலாளிங்களைச் சுரண்டறதை விசாரிக்கிற அரசாங்க அமைப்புக்கோ போலீஸுக்கோ தகவல் குடுங்க. பேர் சொல்ல விரும்பலைன்னா சொல்லாமலே குடுக்கலாம். உயிருக்கு ஆபத்து மாதிரி ஏதாவது கண்ணுல பட்டா மட்டும் யோசிக்காம அவசர நம்பர் 999. மத்தபடி விசாரிக்கிறது உங்க வேலை இல்ல, அது தெரிஞ்சவங்க செய்யட்டும்.

இன்னொண்ணும் சொல்லணும், நிறைய ஹெச்.ஆர். ஆளுங்களுக்கே இது தெரியறதில்ல. 2004-ல மோர்கம் பே கடற்கரையில சிப்பி பொறுக்கப் போன சீனத் தொழிலாளிங்க இருபதுக்கு மேல அலையில சிக்கி செத்தாங்களே, அதுக்கப்புறம்தான் ஆள் அனுப்புறவங்களுக்கு லைசென்ஸ் வேணும்னு இறுக்கமா சட்டம் வந்துச்சு. ஆனா அந்த லைசென்ஸ் விவசாயம், சிப்பி பொறுக்குறது, உணவு பதப்படுத்துறது, பேக்கிங் இதுக்கு மட்டும்தான். குப்பைத் தொழிலுக்குக் கிடையாது. கோழிப் பண்ணைக்கு ஆள் அனுப்ப லைசென்ஸ் வேணும், உங்க பெல்ட்டுக்கு ஆள் அனுப்ப யார் வேணும்னாலும் நாளைக்கே கடை திறக்கலாம். அதனால "எங்க ஏஜென்சி முறைப்படி பதிவு பண்ணினது"ன்னு யாராவது சொன்னா அதுல பெருசா ஒண்ணும் அர்த்தம் இல்ல.

---

கிழக்குலண்டன்_யாழ்ப்பாணத்தான் (நவம்பர் 19, மதியம் 1:20)

தங்கச்சி, நான் இங்க வந்து 24 வருசம். வந்த புதுசில விசா பிரச்சினையோட இருக்கேக்க இப்பிடி ஒரு குப்பை பிரிக்கிற இடத்தில ஒரு வருசத்துக்கு மேல வேலை செய்தனான். அதால நீங்கள் சொல்லுற அந்த மனிசன் என்ன நினைச்சுக்கொண்டு இருந்திருப்பார் எண்டு எனக்கு ஓரளவு விளங்கும்.

எங்களை ஒரு வான்காரன் விடிய நாலு மணிக்கு ஏத்திக்கொண்டு போவான். சம்பளம் அவன்ர கையாலதான் வரும். வானுக்கு இவ்வளவு, படுக்கிற இடத்துக்கு இவ்வளவு, வேலை எடுத்துத் தந்ததுக்கு இவ்வளவு எண்டு கழிச்சுப்போட்டு மிச்சத்தை ஒரு பழைய என்வலப்பில வைச்சுத் தருவான். என்ர பாஸ்போர்ட் "பத்திரமா இருக்கட்டும்" எண்டு அவனிட்ட இருந்தது. ஒருத்தரும் என்னைக் கட்டி வைக்கேல்ல, அடிக்கேல்ல. ஆனா ஊரில அம்மாவுக்கு தெரியாமல் வட்டிக்கு வாங்கின காசு இருந்தது, போலீசுக்குப் போனா திருப்பி அனுப்பிப்போடுவினம் எண்ட பயம் இருந்தது. அது ரெண்டும் போதும், சங்கிலி தேவையில்லை.

அந்த இடத்தில ஒரு சூப்பர்வைசர் மனிசி இருந்தவ, நல்லவ. ஒருநாள் எல்லாருக்கும் முன்னால வைச்சு "உனக்கு சம்பளம் ஒழுங்கா வருதா?" எண்டு கேட்டா. நான் "ஓம், எல்லாம் சரி" எண்டு சிரிச்சனான். வேற என்ன சொல்லுறது, வான்காரன்ர மச்சான் எனக்குப் பக்கத்திலதான் நிக்கிறான். அதால தங்கச்சி, திருச்சித் தம்பி சொன்னது சரி, கேக்கிறதெண்டாலும் எல்லாருக்கும் முன்னால கேக்கக்கூடாது, கூட வேலை செய்யிற ஆளை மொழிபெயர்க்க விடவே கூடாது. அந்த மொழிபெயர்க்கிற ஆள்தான் பாதி நேரம் ஆளை வைச்சிருக்கிற ஆள்.

உங்கட கம்பெனியில உடன செய்யக்கூடிய ஒரு சின்ன விசயம் சொல்லுறன். உதவி நம்பர் போட்ட நோட்டீஸை கன்டீன் சுவரில ஒட்டாதேங்கோ, அங்க நிண்டு வாசிக்க ஒருத்தனுக்கும் துணிவு வராது. கக்கூஸ் கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்கோ. அந்த மனிசர் தனிய இருக்கிற ஒரே இடம் அதுதான். போலிஷ், ருமேனியன், வியட்நாமிஸ், தமிழ் எண்டு அங்க வாறவையின்ர பாசையில போடுங்கோ. கிழிச்சு எடுக்கிற மாதிரி சின்னத் துண்டுகளா வைச்சா இன்னும் நல்லம், ஏனெண்டால் போனை அவன்தான் செக் பண்ணுவான், படம் எடுக்கேலாது. துண்டை பூட்ஸுக்குள்ள வைக்கலாம். முதல் ரெண்டு மூண்டு துண்டை நீங்களே கிழிச்சு விடுங்கோ, ஆரோ முன்னமே எடுத்திருக்கினம் எண்டு கண்டால்தான் மற்றவைக்கு கை போகும்.

நான் வெளிய வந்தது ஒரு கோயிலில கஞ்சி வார்த்த ஒரு அம்மாவால. அது வேற கதை.

---

குளிர்தேச_மதுரைக்காரி (நவம்பர் 19, இரவு 9:15)

அண்ணா, நீங்க எழுதினதைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் எதுவும் டைப் பண்ண முடியல. இவ்வளவு வெளிப்படையா சொன்னதுக்கு நன்றி. கதவுக்கு உள்பக்கம்ங்கிறது எனக்குத் தோணவே இல்ல, எங்க நோட்டீஸ் கேன்டீன்ல மைக்ரோவேவுக்கு மேலதான் இருக்கு, அதுவும் இங்கிலீஷ்ல மட்டும்.

திருச்சி அண்ணா, இன்னைக்கு ஆபரேஷன்ஸ் டைரக்டரைப் பாத்து நேர்ல சொல்லிட்டேன். அவங்க முகம் மாறிப்போச்சு, நல்லவங்கதான், ஆனா உடனே சொன்னது "அந்த ஏஜென்சியை இன்னைக்கே நிறுத்திடுவோம்"னு. நிறுத்த வேண்டாம்னு உங்க பேச்சைக் கேட்டு சொல்லி வச்சிருக்கேன். அது சரிதானா? கம்பெனிக்கு சட்டச் சிக்கல் வருமோன்னு பயப்படறாங்க. அப்புறம் என் விசா கம்பெனி ஸ்பான்சர்ல இருக்கு, அதுவும் உள்ளுக்குள்ள உறுத்துது.

---

லெஸ்டர்_திருச்சிக்காரன் (நவம்பர் 19, இரவு 10:30)

சரியாத்தான் சொன்னீங்க. நிறுத்தினா கம்பெனி கை சுத்தமாயிடும், அந்த ஆறு பேர் கதி என்ன? போலீஸ் சொல்ற வரைக்கும் வழக்கம் போல ஷிஃப்ட் போடட்டும், புதுசா ஆள் மட்டும் அந்த ஏஜென்சில எடுக்க வேண்டாம். டைரக்டர்கிட்ட இதையும் சொல்லி வைங்க, கொத்தடிமையா சிக்கினவங்களுக்கு உதவற அரசாங்கத்தோட என்.ஆர்.எம். பாதுகாப்பு முறைக்குள்ள 18 வயசு ஆனவங்களைச் சேர்க்க அவங்க சம்மதம் வேணும். முதல் நாளே சரின்னு சொல்லமாட்டாங்க, யாழ்ப்பாண அண்ணா ஏன்னு எழுதிட்டார். அதனால ஒருதடவை வேண்டாம்னு சொன்னதும் "அவருக்கே ஒண்ணும் இல்லையாம்"னு ஃபைலை மூடிடக்கூடாது. சம்மதிச்சா இங்கிலாந்து, வேல்ஸ்ல தங்க இடம், ஆதரவு எல்லாம் சால்வேஷன் ஆர்மி மூலமா கிடைக்கும்.

உங்க விசா பயம் நியாயமானது. வேலை செய்ற இடத்துல நடக்கிற குத்தத்தை வெளிய சொல்றவங்களைக் காப்பாத்த 1998-லயே சட்டம் இருக்கு, அதைக் காரணமா வச்சு உங்களை வேலையை விட்டுத் தூக்கினா அது தப்பு. ஆனாலும் டைரக்டர்கிட்ட பேசினதை உங்க கைப்பட ஒரு நோட்ல எழுதி வச்சுக்கங்க.

இப்ப ஸ்டேட்மென்ட் விஷயம். 2015 மாடர்ன் ஸ்லேவரி சட்டத்தோட 54-வது பிரிவு, வருஷத்துக்கு 3 கோடியே 60 லட்சம் பவுண்டு வியாபாரம் பண்ற கம்பெனி எல்லாம் போடணும், போர்டு ஒப்புக்கிட்டு டைரக்டர் கையெழுத்து போடணும். என்ன கொடுமைன்னா, "நாங்க எந்த நடவடிக்கையும் எடுக்கல"ன்னு எழுதினாக்கூட சட்டப்படி செல்லும். அதனாலதான் பாதி கம்பெனி காப்பி பேஸ்ட்ல ஓட்டுது. நீங்க நேர்மையா எழுதுங்க. எத்தனை பேர் ஏஜென்சி, எத்தனை பேர் நைட், எத்தனை பேரை தனியா வச்சு வெளி மொழிபெயர்ப்பாளரோட பேசினோம், என்ன கண்டுபிடிச்சோம், அவங்களுக்கு என்ன கிடைச்சுது. விசாரணை முடியற வரைக்கும் இந்த ஆறு பேர் பத்தி மட்டும் போலீஸ்கிட்ட கேக்காம ஒரு வரி கூட வெளிய போகக்கூடாது.

இதை விட முக்கியமா நான் நினைக்கிறது ரேட்டு. உங்க பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் ஏஜென்சிக்கு மணிக்கு எவ்வளவு குடுக்குதுன்னு பாருங்க. 21 வயசுல இருந்து குறைஞ்சபட்ச சம்பளம் 2025 ஏப்ரல் கணக்குப்படி மணிக்கு 12.21 பவுண்டு. லீவு சம்பளம் 12.07 சதவீதம் சேர்த்தா 13.68. ஏஜென்சி அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய நேஷனல் இன்ஷூரன்ஸ் 15 சதவீதம், வாரம் 96 பவுண்டுக்கு மேல உள்ளதுக்கு, நாப்பது மணி நேர வேலைன்னு வச்சுக்கிட்டா மணிக்கு 1.69 பக்கம் வரும். ஆக 15.37. இதுல பென்ஷன் இல்ல, ஏஜென்சி ஆபீஸ் செலவு இல்ல, லாபம் இல்ல. உங்க கம்பெனி 15 பவுண்டுக்கு கான்ட்ராக்ட் போட்டு "நல்லா பேரம் பேசினோம்"னு பெருமைப்பட்டா, அந்த மிச்சக் காசு யார் வயித்துல இருந்து வருதுன்னு கேளுங்க. எவ்வளவு போஸ்டர் ஒட்டினாலும் இந்தக் கணக்கு சரியா வராத வரைக்கும் பிரயோஜனம் இல்ல. நான் ஏஜென்சில இருந்தப்போ இந்தக் கணக்கை ஒரு கஸ்டமர் கூட என்கிட்ட கேட்டதில்ல.

விசாரணை முடிஞ்சதும் கான்ட்ராக்ட்ல ஒண்ணு சேருங்க. மாசா மாசம் ஏஜென்சி தன் லிஸ்ட்ல ஒரே பேங்க் அக்கவுண்ட், ஒரே போன், ஒரே அட்ரஸ் எத்தனை பேருக்கு ஒத்துப்போகுதுன்னு பாத்து எண்ணிக்கை மட்டும் அனுப்பணும். பேர் கேக்கலைங்கிறதால டேட்டா ப்ரொடெக்ஷன்னு சாக்கு சொல்ல முடியாது.

---

திண்டுக்கல்_நூல்காரி (நவம்பர் 20, காலை 8:05)

நான் ஊர்ல இருந்து எழுதறேன், திண்டுக்கல். வெளிநாட்டுக் கதையா இருக்கேன்னு படிச்சுட்டு போயிடலாம்னுதான் நினைச்சேன், ஆனா சப்ளை செயின் பத்தி யாரும் பேசலையே.

உங்க ஆளுங்க போட்டிருக்கிற கையுறை, பளிச்சுன்னு இருக்கிற மஞ்சள் சட்டை, பேன்ட் இதெல்லாம் எங்கிருந்து வருது? ரப்பர் கையுறைன்னா மலேசியாவா இருக்க வாய்ப்பு அதிகம். அங்க டாப் குளோவ்ங்கிற பெரிய கம்பெனியோட கையுறையை கட்டாய உழைப்புன்னு சொல்லி 2020 ஜூலைல அமெரிக்க சுங்கத்துறை தடுத்துச்சு. நேபாளம், பங்களாதேஷ்ல இருந்து ஏஜென்ட்டுக்கு கடன் வாங்கிக் கட்டி வந்த தொழிலாளிங்களுக்கு அந்தக் காசைத் திருப்பிக் குடுக்க வேண்டி வந்துச்சு, அப்புறம்தான் 2021 செப்டம்பர்ல தடையை எடுத்தாங்க. யாழ்ப்பாண அண்ணன் சொன்ன கடனும் இதுவும் ஒரே கடன்தான்.

பருத்தித் துணின்னா எங்க ஊர்ப் பக்கமா இருக்கலாம். சுமங்கலி திட்டம்னு கேள்விப்பட்டிருப்பீங்க. மூணு வருஷம் மில்லு ஹாஸ்டல்ல தங்கி வேலை பாத்தா கடைசில மொத்தமா பணம் தரேன், கல்யாணத்துக்கு ஆகும்னு சொல்லி பதினாலு பதினஞ்சு வயசுப் புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போவாங்க. எங்க தெருவுல என்கூடப் படிச்சவ ஒருத்தி போனா. ரெண்டே முக்கால் வருஷத்துல உடம்பு முடியாம திரும்பி வந்துட்டா, மூணு வருஷம் முடியலைன்னு மொத்தப் பணமும் இல்லைன்னுட்டாங்க. அவ கொண்டு வந்தது ஒரு டிரங்குப் பொட்டியும் இருமலும்தான்.

அதனால சப்ளையர் முன்னூறு பேருக்கும் ஒரே கேள்வித்தாளை அனுப்பிட்டு "எல்லாரும் இல்லைன்னு டிக் பண்ணிட்டாங்க"ன்னு எழுதாதீங்க அக்கா. ஆள் கையால செய்யற பொருள் நாலஞ்சை எடுங்க, கையுறை, யூனிஃபார்ம், பூட்ஸ், அப்புறம் ஆபீஸ் கூட்டித் துடைக்கிற கான்ட்ராக்ட். அதுல எந்த ஃபேக்டரி, எந்த நூல் மில்லுன்னு பேர் வர்ற வரைக்கும் கேளுங்க. பேர் சொல்லமாட்டேன்னு சொல்ற சப்ளையர்கிட்ட வாங்காதீங்க. வாங்கறவங்க கூட சேர்ந்து நின்னா மாறுது, 2022-ல எங்க ஊர் பேர்லயே திண்டுக்கல் ஒப்பந்தம்னு ஒண்ணு வந்துச்சு, பெண்கள் தலைமையில இயங்குற டி.டி.சி.யூ. சங்கமும் வெளிநாட்டு பிராண்டும் மில்லுக்காரங்களும் சேர்ந்து கையெழுத்து போட்டது, ஃபேக்டரிக்குள்ள பெண்களைத் தொல்லை பண்றதைத் தடுக்க.

அப்புறம் நீங்க பிரிச்சு கட்டி அனுப்பற பிளாஸ்டிக் பேல் எங்க போகுது? 2018-ல சீனா வாங்கறதை நிறுத்தினதும் நிறைய மலேசியா பக்கம் திரும்புச்சு. 2020 ஜனவரில மலேசியா 150 கன்டெய்னர் குப்பையை வந்த நாடுகளுக்கே திருப்பி அனுப்பிட்டோம்னு அறிவிச்சாங்க, அதுல 42 பிரிட்டனுக்கு. அங்க அதைப் பிரிக்கிறவங்கள்லயும் யாரோ ஒரு ஏஜென்ட்டுக்கு கடன்பட்டு வந்தவங்க இருக்கலாம். கம்பெனி கேட்டைத் தாண்டினதும் நம்ம பொறுப்பு முடிஞ்சுதுன்னு ஸ்டேட்மென்ட்ல எழுதிடாதீங்க.

---

குளிர்தேச_மதுரைக்காரி (நவம்பர் 22, மாலை 5:50)

தகவல் குடுத்துட்டோம். யார்கிட்ட, அவங்க என்ன சொன்னாங்கன்னு இங்க எழுத முடியாது, புரிஞ்சுப்பீங்க. டைரக்டரே கூட உக்காந்து பேசினாங்க. ரேட்டு பாத்தேன் திருச்சி அண்ணா, மணிக்கு 14.90. பர்ச்சேஸ்ல கேட்டா மூணு ஏஜென்சில இதுதான் கம்மி, அதனாலதான் எடுத்தோம்னு சாதாரணமா சொன்னாங்க. உங்க கணக்கை அப்படியே ஒரு பேப்பர்ல எழுதி டைரக்டர் டேபிள்ல வச்சுட்டேன்.

திண்டுக்கல் தங்கச்சி, கையுறைப் பெட்டியைத் தேடிப்போய் பாத்தேன், இறக்குமதி பண்ணினவங்க பேர்தான் இருக்கு, செஞ்சவங்க பேர் இல்ல. திங்கட்கிழமை சப்ளையருக்கு போன் பண்றேன்.

யாழ்ப்பாண அண்ணா, நோட்டீஸ் ஏழு மொழில அடிச்சாச்சு, ஆம்பளைங்க டாய்லெட்டுக்கு எல்லாம் கிளீனிங் அக்கா மூலமா ஒட்டியாச்சு. துண்டு நாலை நானே கிழிச்சுக் குடுத்தேன். நேத்து நைட் முடிஞ்சப்புறம் அவங்க எண்ணிப் பாத்து சொன்னாங்க, கடைசி கதவுல ஆறு துண்டு இல்லைன்னு.